நாற்பதுக்கு மேல் ‘கேரண்டி பேக்கேஜ்’ எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் நாற்பது வயதுக்கு மேல் குழந்தைக்காக வைத்தியம் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். “குழந்தை உறுதி, இல்லாவிட்டால் பணம் வாபஸ்” என்று நோட்டீஸ் அடித்துக் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போடுகிறார்களே, அப்படி ஒரு மையத்தில்தான் எங்கள் பணம் போனது. ஊசி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெயரை எழுதவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது, வக்கீலும் வேண்டாம் என்றார். யார் என்று கேட்டுக் கமெண்டில் ஊகம் செய்யாதீர்கள்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, என் முறை வந்தபோது முப்பத்தெட்டு முடிந்திருந்தது. ஒரு தடவை தங்கி, மூன்றாம் மாதம் தொடங்குவதற்குள் கலைந்துவிட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. அத்தை ஒவ்வொரு ஆடிப்பூரத்துக்கும் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய், காந்திமதி அம்மன் மடியில் கட்டிய முளைப்பயற்றை வாங்கி வந்து கொடுப்பாள். அதற்குப் பில் கிடையாது, ஜிஎஸ்டி கிடையாது. அதனால் அத்தையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

முகாமில் ரத்தம் எடுத்து ஏஎம்ஹெச் பார்த்தார்கள், சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன் அது. 0.6 நானோகிராம். கவுன்சலர் என்று ஒரு பெண், என் தங்கை வயசுதான் இருக்கும், கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நம்பர் கம்மிதான். ஆனா பயப்படாதீங்க, அதை ஏத்துறதுக்கு நம்மகிட்ட டெக்னாலஜி இருக்கு. ஐம்பது வயசுக்காரங்களுக்கே இங்க பிறந்திருக்கு” என்றாள். மையத்தின் வரவேற்பறைச் சுவர் முழுக்க அம்மாவும் பிள்ளையுமாகப் போட்டோ. சில அம்மாக்களுக்கு நெற்றியோரம் நரைத்திருந்தது. அந்தச் சுவர்தான் அத்தானையும் என்னையும் உட்கார வைத்தது.

அந்தப் போட்டோக்களில் எழுதாத ஒரு விஷயம் உண்டு. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டில் ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) மூலம் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு முட்டை வேறொரு இளம் பெண்ணுடையது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் சொந்த முட்டையில் முயற்சி செய்ய வந்த பெண்ணுக்கு அந்தச் சுவரைக் காட்டி நம்பிக்கை கொடுப்பது வேறு கதை. முட்டை யாருடையதோ அவள் வயதுதான் கணக்கு. சுமப்பவளின் வயது அவ்வளவாகக் கணக்கில் வராது. சொந்த முட்டை என்றால் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கில் ஒரு கருவை உள்ளே வைத்தால் குழந்தையாகப் பிறப்பது நூற்றுக்கு ஐந்தாறு என்ற அளவுதான். இதை எனக்குச் சொன்னது அந்த மையம் இல்லை. பிறகு பாளையங்கோட்டையில் பார்த்த ஒரு வயதான லேடி டாக்டர்.

ஏஎம்ஹெச் பற்றியும் அவர்தான் தெளிவாகச் சொன்னார். இருப்பில் எத்தனை முட்டை இருக்கலாம் என்பதற்குத்தான் அது குறிப்பு. முட்டையின் தரத்தை அது காட்டாது. தரம் வயதோடு போகிறது. அதனால்தான் நாற்பதில் தங்கும் கருவில் மூன்றில் ஒன்று கலைகிறது, நாற்பத்தைந்தில் பாதிக்கு மேல். டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு நாற்பதில் ஏறத்தாழ 100க்கு 1, நாற்பத்தைந்தில் 30க்கு 1. “நாப்பதுக்கு மேல வாரவங்ககிட்ட இதச் சொல்லாம ஊசியத் தொடக் கூடாதும்மா” என்றார்.

சரி, பேக்கேஜ் கதைக்கு வருகிறேன். ஒப்பந்தம் நான்கு பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். நான் கணக்கு எழுதுகிறவள், ஒவ்வொரு வரியாகப் படித்தேன். “மூன்று கரு மாற்றம் முடிந்தும் குழந்தை பிறக்காவிட்டால் எழுபது சதவீதம் திருப்பித் தரப்படும்” என்று இருந்தது. கரு மாற்றம் என்றால் ஆய்வகத்தில் உருவான கருவைக் கர்ப்பப்பைக்குள் வைப்பது. “முட்டையே வரலைன்னா, கரு உருவாகலைன்னா என்ன?” என்று நேராகக் கேட்டேன். கவுன்சலர், “அதையும் ஒரு முயற்சியாத்தான் எடுத்துக்குவோம் அக்கா” என்றாள். அதை எழுதித் தரச் சொன்னேன். மேனேஜர் வந்து ஓரத்தில் பேனாவால் ஏதோ கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எனக்குக் கொடுத்த நகலில் அந்த ஓரம் வெள்ளையாக இருந்தது. கேட்டதற்கு, “ஒரிஜினல் ஹெட் ஆபீஸ்ல இருக்கு” என்றார்கள்.

இந்தக் கேரண்டி எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நாற்பது தாண்டிய பெண்ணுக்குப் பாதி சிக்கல் கரு மாற்றம் வரைக்கும் போய்ச் சேருவதுதான். ஊசி போட்டும் முட்டை வளராது, வளர்ந்தாலும் முதிராது, முதிர்ந்தாலும் கரு பாதியில் நின்றுவிடும். மாற்றமே நடக்காவிட்டால் மூன்று மாற்றம் எப்படி முடியும்? முடியாத வரைக்கும் பணம் திரும்பாது. மூன்றை முடிக்க வேண்டுமானால் கடைசியில் டோனர் முட்டைக்கு, அதாவது வேறொரு பெண் கொடுக்கும் முட்டைக்குத்தான் போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். மயக்க மருந்து, ஊசி, ஸ்கேன், உறைய வைப்பது எதுவும் பேக்கேஜில் சேராது. இந்தக் கணக்கு எழுதியவன் கெட்டிக்காரன்.

முதலில் பிஆர்பி என்றார்கள். நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து, சினைப்பைக்குள் ஊசியால் விடுவது. “சினைப்பை இளமையாகும்” என்று சொல்லி ஒரு தடவைக்கு நாற்பத்தைந்தாயிரம் வாங்கினார்கள். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். திரும்ப ஏஎம்ஹெச் பார்த்தபோது 0.7. கவுன்சலர் கைதட்டாத குறை. அந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் ஒன்றும் செய்யாமலே வரும் என்று பாளையங்கோட்டை டாக்டர் பிறகு சொன்னார். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023ல் இப்படிப்பட்ட கூடுதல் சிகிச்சைகளைப் பற்றி வெளியிட்ட பரிந்துரையில், சினைப்பைக்குள் பிஆர்பி விடுவது பரிந்துரைக்கப்படவில்லை. அந்த மூன்று மாதக் காத்திருப்பில் எனக்கு நாற்பத்து மூன்று பிறந்துவிட்டது. இருபத்தெட்டு வயதுக்காரிக்கு மூன்று மாதம் பெரிதில்லை. எனக்குப் பெரிது.

அப்புறம் ஊசி. மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேன் பார்த்து, தினமும் வயிற்றில் ஊசி, கடைசியில் முட்டையை முதிர வைக்கும் டிரிக்கர் ஊசி, அதிலிருந்து முப்பத்தைந்து, முப்பத்தாறு மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டை எடுத்தார்கள். இதுவரைக்கும் முறைப்படிதான் நடந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். நர்ஸ் பிள்ளைகள் நல்லவர்கள். ஒருத்தி வண்ணாரப்பேட்டைக்காரி, ஊசி போட்ட இடத்தில் ஐஸ் வைத்துவிட்டு, “வலிக்கா மைனி?” என்று கேட்பாள்.

சில நாள் கழித்துப் போன் வந்தது. “ஒரு கரு, ஏ கிரேடு, சூப்பரா இருக்கு. ஆனா உங்க கர்ப்பப்பை லைனிங் மெல்லிசா இருக்கு. இப்ப வச்சா வேஸ்ட் ஆயிரும், உறைய வச்சிருக்கோம்.” அத்தான் அன்றைக்கே அத்தைக்குச் சொல்லிவிட்டார். அத்தை பாபநாசத்துக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தாள். அதிலிருந்து மாதாமாதம் லைனிங்குக்கு, அதாவது கர்ப்பப்பையின் உள் படலத்துக்கு மாத்திரை, கர்ப்பப்பைக்குள் மறுபடியும் பிஆர்பி, ஒவ்வொரு ஸ்கேனிலும் “இன்னும் கொஞ்சம் வேணும்”. கூடவே உறைநிலை வாடகை என்று ஆறு மாதத்துக்கு ஒரு தொகை. பில்லில் ஆங்கிலத்தில் ‘எம்ப்ரியோ க்ரையோ ஸ்டோரேஜ், ஒன்று’ என்று தெளிவாக இருக்கிறது. அந்த பில் இப்போது என் கேஸின் உயிர்.

சந்தேகம் வந்தது எனக்கு இல்லை, அந்த லேடி டாக்டருக்கு. தைராய்டு மாத்திரை அளவைக் கேட்கத்தான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூன்றே கேள்வி கேட்டார். கருவை எத்தனையாவது நாளில் உறைய வைத்தார்கள், மூன்றா ஐந்தா? கரு ஆய்வக அறிக்கை கையில் இருக்கிறதா? உறைய வைக்க உங்கள் இரண்டு பேரிடமும் தனியாகக் கையெழுத்து வாங்கினார்களா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. “கையெழுத்து வாங்காம உறைய வைக்க மாட்டாங்களேம்மா, சட்டம் அப்படி” என்றார். 2021ஆம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கணவன் மனைவிக்கு ஏதாவது ஆகிவிட்டால் கருவை என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் வாங்காமல் உறைய வைக்கக் கூடாது.

ஃபைல் கேட்டுப் போனேன். “ஃபைல் ஆஸ்பத்திரி ப்ராப்பர்ட்டி மேடம்.” மறுபடி போனேன். “டாக்டர் சென்னைக்குப் போயிருக்காங்க.” ஆலையில் எங்கள் முதலாளி அண்ணாச்சிதான் வழி சொன்னார். “வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும். எழுதிக் கேளு தாயி.” இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். நகல் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு என்று கீழே எழுதியிருந்தேன். அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஃபைலின் நகல் வந்துவிட்டது.

கரு ஆய்வக அறிக்கை ஒரே தாள்தான். எடுத்த முட்டை நான்கு. முதிர்ந்தவை இரண்டு. கருவானது ஒன்று. மூன்றாம் நாள் கட்டத்தில் ‘அரெஸ்டட்’ என்று இருந்தது. வளர்ச்சி நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கீழே ‘ஃப்ரோசன்: நில்’. பக்கத்தில் எம்ப்ரியாலஜிஸ்டின் (கரு ஆய்வக நிபுணரின்) சுருக்கொப்பம், தேதி. எனக்கு “ஏ கிரேடு, சூப்பரா இருக்கு” என்று போன் வந்ததற்கு முந்தின நாள்.

ஆலைக் கணக்கில் இல்லாத மூட்டைக்குக் குடோன் வாடகை எழுதினால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். இங்கே இல்லாத கருவுக்கு மாதக்கணக்கில் வாடகை வாங்கியிருக்கிறார்கள், அதை வைக்க லைனிங் தயாராகவில்லை என்று மருந்து விற்றிருக்கிறார்கள். அத்தான் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “அம்மைக்கு இத எப்படிச் சொல்லுதது” என்று மட்டும் கேட்டார்.

மையத்தில் கேட்டோம். முதலில் டைப்பிங் மிஸ்டேக் என்றார்கள். பிறகு பில் பிரிவின் தவறு என்றார்கள். கடைசியில் மேனேஜர் குரலைத் தணித்து, “டோனர் சைக்கிள் ஒண்ணு கன்செஷன்ல பண்ணித் தாரோம், உங்களுக்கு நிச்சயம் கிடைக்கும்” என்றார். நிச்சயம் என்ற சொல்லை அந்த மனிதர் இன்னும் விடவில்லை.

இனி போகிறவர்களுக்கு. மையம் தேசியப் பதிவேட்டில் பதிவு பெற்றதா என்று பாருங்கள், ஆனால் பதிவு இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். நாங்கள் போனதற்கும் பதிவு இருக்கிறது. வெற்றி விழுக்காடு சொன்னால், என் வயதில், சொந்த முட்டையில், உயிரோடு பிறந்த குழந்தை எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். பலர் சிறுநீர்ச் சோதனையில் கோடு வந்ததையே வெற்றிக் கணக்கில் சேர்க்கிறார்கள். முட்டை எடுத்த பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் கரு ஆய்வக அறிக்கையைத் தாளில் வாங்குங்கள், போனில் சொன்னது போதாது. டோனர் முட்டை என்றால் சட்டப்படி கொடுப்பவளுக்கு 23லிருந்து 35க்குள் வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. பெற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வரைதான் அனுமதி. இதை வளைத்துச் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் சும்மா காத்திருக்க வேண்டாம், நாற்பது என்றால் உடனே பரிசோதனைக்குப் போங்கள், அதுவும் இரண்டு பேரும். விந்தணுப் பரிசோதனை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம். ஆம்பளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு மாசக்கணக்கில் தள்ளிப்போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கனவே சிக்கியவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாவிட்டால் 1915க்குப் போன் செய்து கேளுங்கள். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் மையத்தில் அது ஒரு பூட்டிய மரப்பெட்டி.

நாங்கள் மேற்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு: பாளையங்கோட்டை டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் அது எங்கள் வீட்டு விஷயம். போன வாரம் ஆலைக்கே போன் செய்து, உறைநிலை வாடகையை மட்டும் திருப்பித் தருவதாகவும் புகாரை வாபஸ் வாங்கும்படியும் மேனேஜர் பேசினார். எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். இன்னும் வரவில்லை. அடுத்த வாய்தா கார்த்திகையில்.