வீட்டில் கார் பெயிண்ட் அடிக்க ‘முழு செட்’ வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

இரண்டு முறை பானெட்டைத் தேய்த்துவிட்டேன். இரண்டு முறையும் தப்பு என் கையில்தான் என்று நம்பியே தேய்த்தேன். மூன்றாவது முறை உப்புத்தாளை எடுத்தபோது, பல வருடம் கார் பெயிண்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்து பார்த்து, தப்பு எங்கே இருக்கிறது என்று பத்தே நிமிடத்தில் காட்டிக்கொடுத்தார். எனக்கு அந்த செட்டை விற்றவர் இன்னும் அதே பேச்சோடு அதே செட்டை விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் உட்கார்ந்து இதை முழுதாக எழுதுகிறேன்.

கார் பழையது, இரண்டு கதவு. துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, சக்கர வளைவுகளை அகலமாக்கி, பட்டி பார்த்து, பிரைமர் வரை எல்லாம் நானே செய்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு பெயிண்டுக்கு மட்டும் வண்டியை இன்னொருவரிடம் விட மனசு வரவில்லை. அப்போதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. எச்.வி.எல்.பி. ஸ்ப்ரே கன், கம்ப்ரஸர், ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், மெட்டாலிக் பேஸ் கோட் (நிறம் தருவது), கிளியர் கோட் (அதன் மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்பு), ஹார்ட்னர் (கிளியரை இறுக வைப்பது), தின்னர், முகமூடி, கூடவே ‘வீட்டிலேயே ஷோரூம் ஃபினிஷ்’ என்று பதிவு செய்த வீடியோ பாடங்கள். வாங்குவதற்கு முன் போன் போட்டுக் கேட்டேன். “அண்ணே, முழுக் காரும் அடிக்கணும், இந்தக் கம்ப்ரஸர் தாங்குமா?” “தம்பி, இதுல லாரியே அடிக்கலாம்” என்றார். சரி என்று பணத்தைக் கட்டிவிட்டேன்.

முதல் நாள். பேஸ் கோட் அடிக்கும்போதே மெட்டாலிக் துகள் ஒரே சீராக உட்காராமல் வரிவரியாகத் தெரிந்தது, புலித்தோல் போல. அதன் மேல் கிளியர் அடித்தால் பானெட்டின் நடுவில் ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளம், ஓரத்தில் கண்ணீர் கண்ணீராக வழிசல். போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: “மெஷின்ல தப்பில்ல தம்பி, உங்க கை இன்னும் பழகல. பாடம் நாலைத் திரும்பப் பாருங்க.” பார்த்தேன். தேய்த்தேன். திரும்ப அடித்தேன், அதே கதை. மூன்றாவது முறை இன்னும் மோசம், கிளியர் காயவே இல்லை. இரண்டு நாள் கழித்து விரலை வைத்தால் ரேகை அப்படியே பதிந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தார்: “ஹார்ட்னர் கொஞ்சம் கூட ஊத்தி அடிங்க.”

பெரியவர் வந்ததும் காரைப் பார்க்கவே இல்லை. “கன்னைக் கொடு தம்பி” என்றார். சுவரில் ஒரு பழைய பேப்பரை ஒட்டச் சொன்னார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் நின்று, கையை அசைக்காமல் ஒரே ஒரு முறை ட்ரிகரை அழுத்தி விட்டார். பேப்பரில் நீளவாக்கில் சீரான ஒரு முட்டை வடிவம் விழுந்திருக்க வேண்டும். விழுந்தது வாழைப்பழம் போல ஒரு பக்கம் வளைந்து, அந்தப் பக்கமே கனத்துப்போன ஒரு கறை. அப்புறம் முன்னால் இருக்கும், காற்று வெளியேறும் மூடியான ஏர் கேப்பைத் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, பக்கத்திலேயே இன்னொரு முறை அடித்தார். வளைவு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறிவிட்டது. “கேப்போட சேர்ந்து வளைவும் திரும்புதுன்னா குறை கேப்புல. திரும்பாம அங்கேயே நின்னா நாசில்லயோ ஊசியிலயோ. உன் கையில இல்ல” என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. கேப்பைத் தின்னரில் ஊறவைத்து, மெல்லிய மரக்குச்சியால் துளைகளைச் சுத்தம் செய்து (கம்பியை உள்ளே விடவே கூடாதாம், துளை பாழாகிவிடும்) திரும்ப அடித்தும் அதே வளைவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கேப்பின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளில் ஒன்றின் துளை பாதிதான் குடைந்திருக்கிறது. வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது.

இன்னொரு சோதனையும் காட்டினார். கேப்பைத் திருப்பி, விசிறி (பெயிண்ட் விரிந்து விழும் வடிவம்) படுக்கைவாக்கில் வரும்படி வைத்து, பேப்பரில் பெயிண்ட் ஒழுகும் வரை ட்ரிகரை அழுத்திப் பிடிப்பது. ஒழுகும் கோடுகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இறங்கினால் விசிறி சமமாகப் பிரிகிறது. எனக்கு ஒரு ஓரத்தில் நான்கு நீளக் கோடு, மறு ஓரத்தில் ஒன்றுமே இல்லை. கன் வந்த அன்றே இந்த இரண்டையும் செய்திருந்தால் பானெட்டைத் தொட்டே இருக்க மாட்டேன்.

அடுத்தது நாசில், அதாவது பெயிண்ட் வெளியே வரும் துளை. பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் 1.3 மி.மீ. என்கிறது. பேஸுக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 சரியான அளவு. கழற்றிப் பார்த்தால் நாசிலின் விளிம்பில் 1.8 என்று வெட்டியிருக்கிறது. 1.8 என்பது கெட்டியான பிரைமர் அடிக்கிற நாசில். அதில் கிளியரை ஊற்றினால் பெயிண்ட் கொட்டோ கொட்டென்று கொட்டும், அதைப் பொடியாக உடைக்கக் காற்று போதாது. வழிசலும் ஆரஞ்சுத் தோலும் ஒரே பானெட்டில் எப்படி வந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேனே, விடை இங்கேதான் இருந்தது.

காற்று போதாதது தனிக் கதை. எச்.வி.எல்.பி. என்றால் அழுத்தம் குறைவு, காற்று நிறைய. கேப்பில் வெளியேறும் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது, அதனால்தான் பெயிண்ட் தெறித்து வீணாவது குறைகிறது. ஆனால் அந்தக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்ய இந்த வகைக் கன்கள் பொதுவாக நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி காற்றைக் குடிக்கும். என் கன்னுடன் வந்த தாளிலேயே 12 என்று இருக்கிறது. கம்ப்ரஸர் மேல் பெரிதாக 7 என்று போட்டிருக்கிறது. அதுவே போதாது, அந்த 7-ம் உண்மையில் 7 இல்லை. அது பிஸ்டன் இழுக்கும் அளவு. வெளியே வரும் காற்றின் அளவு வேறு, பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்காவது குறைந்துவிடும். கம்ப்ரஸர் வாங்கும் எல்லோரும் ‘வெளியே வரும் காற்று எவ்வளவு’ என்று தனியாகக் கேளுங்கள். குதிரைத்திறனையும் டாங்க் லிட்டரையும் சொல்லிச் சமாளிப்பார்கள். டாங்க் எவ்வளவு பெரிதானாலும் அது சேமிப்புதான், கம்ப்ரஸர் தர முடியாத காற்றை டாங்க் தராது.

இதை நீங்களே பார்க்கலாம். கன்னின் அடியில் ஒரு அழுத்தமானி மாட்டி, ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே கன் கேட்கிற அழுத்தத்தை வையுங்கள் (ட்ரிகரை விட்டுவிட்டு வைத்த அளவுக்கு அர்த்தமே இல்லை). நான் 28 பி.எஸ்.ஐ.-ல் வைத்தேன் (இது கன்னுக்குள் நுழையும் அழுத்தம், கேப்பில் வெளியேறும் அந்த 10 இல்லை). பானெட்டில் மூன்றாவது வரிசை போவதற்குள் முள் 15-க்கு இறங்கிவிட்டது. முதல் வரிசை பொடியாகவும் மூன்றாவது வரிசை சொட்டுச் சொட்டாகவும் விழுந்தால் மெட்டாலிக் எப்படி ஒரே நிறமாகத் தெரியும்? சின்னக் கம்ப்ரஸர்தான் இருக்கிறது என்றால் குறைந்த காற்றில் ஓடும் எல்.வி.எல்.பி. கன் இருக்கிறது, நான்கைந்து கன அடியில் ஓடுபவை கிடைக்கின்றன. விசிறி கொஞ்சம் சின்னதாக இருக்கும், வேலை மெதுவாகப் போகும், ஆனால் கடைசி வரிசை வரை ஒரே மாதிரி விழும்.

தண்ணீர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டச் சொல்லியிருந்தது பாடம். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கும், சூட்டில் ஈரம் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய்விடும், ஹோஸில் ஆறிய பிறகுதான் தண்ணீராகும். சில மீட்டர் குழாய் ஓடி ஆறிய பிறகு மாட்டினால்தான் பிடிக்கும்.

ஹார்ட்னருக்கு வருகிறேன். கேனில் பேட்ச் நம்பர் இல்லை, தேதி இல்லை. மூடியைத் திறந்தால் திருகு வரியில் காய்ந்த தேன் போல பிசின் இழை ஒட்டியிருக்கிறது, சீல் உடைக்காத புதுக் கேனில் அது சாதாரணமாக வராது. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார் பெரியவர். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கலாக இருந்தது. டூ-கே கிளியரின் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரண்டு பாகக் கிளியர்) ஹார்ட்னர் ஐசோசயனேட் வகை, காற்றில் இருக்கும் ஈரத்தோடேயே வினை புரிந்து கெட்டுவிடும். எப்போதோ திறந்த பெரிய கேனிலிருந்து சின்னக் கேனுக்கு மாற்றி ஊற்றிப் புதுசு என்று விற்றவர் கொடுத்திருப்பார் என்பது என் சந்தேகம். இதில் ‘கூட ஊற்று’ என்ற ஆலோசனை வேறு. கிளியருக்கும் ஹார்ட்னருக்கும் இரண்டுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று தயாரிப்பாளர் கொடுக்கும் விகிதம் வேதியியல் கணக்கு, நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கிற விஷயமே இல்லை. அந்த விகிதம் போட்டிருக்கும் தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டைக் கேட்டபோது “அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்கு” என்றார் விற்றவர். டேட்டா ஷீட் தராதவரிடம் கிளியர் வாங்காதீர்கள். நாசில் அளவு, அழுத்தம், விகிதம், இரண்டு கோட்டுக்கு நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது.

மற்றதையெல்லாம் பண நஷ்டம், உழைப்பு நஷ்டம் என்று விட்டுவிடலாம். முகமூடி விஷயத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. செட்டில் வந்தது தூசிக்குப் போடும் சாதாரணப் பேப்பர் முகமூடி. பாடத்தில் விற்றவரே அதைத்தான் போட்டுக்கொண்டு டூ-கே கிளியர் அடிக்கிறார். ஐசோசயனேட் புகைமூட்டமும் ஆவியும் அதில் நிற்காது. வாசனையும் பெரிதாக வராது என்பதால் உள்ளே போவதே தெரியாது. தொழில்முறை பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வருவதற்கு இது நன்கு தெரிந்த ஒரு காரணம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இறுகும். மூன்றாவது முறை அடித்த இரவு எனக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்தது, தூசி என்று நினைத்துப் படுத்துவிட்டேன். நான் அடித்த இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவுதான், அந்தப் பக்கம் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டூ-கே அடிப்பதென்றால் வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி வேண்டும். கை, கண், தோல் எல்லாம் மூடியிருக்க வேண்டும். அது முடியாதென்றால் கிளியரை மட்டுமாவது பூத் (பெயிண்ட் அடிக்கவே கட்டிய தனி அறை) வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். காற்றோட்டத்துக்கு டேபிள் ஃபேனை வைக்கச் சொன்னதும் தப்புதான், மோட்டார் தீப்பொறி தின்னர் ஆவியில் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

என் கையில் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுவும் அந்தப் பாடத்தில் கற்றதுதான். வீடியோவில் அவர் மணிக்கட்டை விசிறி மாதிரி வீசி அடிப்பார், பார்க்க அழகாக இருக்கும். அப்படி வீசினால் நடுவில் கன் பக்கத்திலும் ஓரங்களில் தூரத்திலும் போகும், நடுவில் வழியும், ஓரம் வறண்டு சொரசொரக்கும். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, “கை போகக் கூடாது, நீ போ” என்றார். கன் எப்போதும் தகட்டுக்கு நேர் செங்குத்தாக, 15 முதல் 20 செ.மீ. தூரத்தில். உடம்பு பக்கவாட்டில் நகர வேண்டும். தகட்டின் ஓரத்துக்கு முன்பே ட்ரிகரை அழுத்தி, மறு ஓரம் தாண்டிய பிறகு விட வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூட வேண்டும், மெட்டாலிக்குக்கு முக்கால்வாசி. கடைசியில் அழுத்தத்தைக் குறைத்து, கொஞ்சம் தள்ளி நின்று மெலிதாக ஒரு தூவல். அந்தத் தூவல்தான் துகளைச் சமமாக உட்கார வைக்கிறது. பெயிண்ட் இல்லாமல் வெறும் கன்னோடு அரை மணி நேரம் பானெட்டைச் சுற்றி நடக்க வைத்தார், அதன் பிறகுதான் ஊற்ற விட்டார்.

இப்போது வாடகைக் கம்ப்ரஸரும் வாடகைக்கு எடுத்த காற்று முகமூடியும், இரவல் வாங்கிய வேறொரு கன்னும், சீல் உடைக்காத கிளியரும் வைத்து இரண்டு கதவுகளை முடித்திருக்கிறேன். அதே கை. வரியும் இல்லை, வழிசலும் இல்லை. பானெட்டை மட்டும் காயாத கிளியரைச் சுரண்டி பிரைமர் வரை இறக்க வேண்டியிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘திறந்த பொருளை எடுக்க மாட்டோம்’ என்றார். திறக்காமல் நாசில் அளவை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து வைக்காதது என் தவறு, நீங்கள் எடுத்து வையுங்கள். அவர் போனில் சொன்னதை எழுத்தில் வாங்காததும் தவறு. 1.8 என்று வெட்டியிருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். “அது கம்பெனி நம்பர் தம்பி, நாசில் அளவு இல்லை” என்று எழுதினார். 1.5 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தை நாசில் துளையில் மெதுவாக விட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் உள்ளே போய் ஆடியது. 1.3 துளையில் அது நுழையவே முடியாது. அதை வீடியோ எடுத்து அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது, பதில் வரவில்லை. நேற்று அவர் போட்ட புது விளம்பரத்தில் அதே பெட்டி, அதே 1.3 ஸ்டிக்கர்.