முன்பக்கம் 1000, பின்பக்கம் 105: இரண்டு மாதச் சம்பளம் போன கதை

நேற்று சாயங்காலம், நான் கால்சியம் மாத்திரை வாங்கி ஏமாந்த கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான், ஒரே வரி. எதைத் தீர்த்தார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பணம் வரவில்லை. இரண்டு மாதச் சம்பளம். ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் செய்துகொள்ளப் போகிறவர்களும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். கால்சியம் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். இணையத்தில் சத்து மாத்திரை விற்கும் கடை, அதிலும் இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் கடை. இது போதும்.

எனக்கு இரைப்பை பைபாஸ் முறையில் ஆபரேஷன் ஆகி 16 மாதம் ஆகிறது. எடை நன்றாகவே குறைந்தது, அதில் எந்தக் குறையும் இல்லை. டாக்டரும் ஆரம்பத்திலேயே உட்காரவைத்துச் சொல்லித்தான் அனுப்பினார். இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியை ஒதுக்கிவிட்டுக் கீழே கொண்டுபோய் இணைக்கிறார்கள். வைட்டமின் டி துணையோடு கால்சியத்தை மும்முரமாக இழுத்துக்கொள்ளும் இடமே அந்த முதல் பகுதிதான். போதாததற்கு அந்தச் சின்னப் பையில் அமிலமும் குறைச்சல். சாதாரணமாகக் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் கரைவதற்கு அமிலம் வேண்டும், சிட்ரேட்டுக்கு வேண்டாம். அதனால் சிட்ரேட் வாங்கச் சொன்னார். ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 500, 600-க்கு மேல் போகாமல் பிரித்து. அதற்கு மேல் ஒரே நேரத்தில் போட்டால் உடம்பு எடுத்துக்கொள்ளாதாம். கூடவே வைட்டமின் டி3 தினமும் 3000 யூனிட். ஆயுசு முழுக்க.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏமாந்தேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிரச்சினை டாக்டர் கொடுத்த அந்த மாத்திரையில் தொடங்கியது. என் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரியது, சாக்பீஸ் மாதிரி வறண்டிருக்கும். கத்தியால் நாலாக நறுக்கி, ஒவ்வொரு துண்டாக ஒரு மடக்குத் தண்ணீரோடு இறக்குவேன். நறுக்கிய ஓரம் தொண்டையைக் கீறிக்கொண்டு போகும். ஒரு துண்டு நடுநெஞ்சில் நின்றுவிட்டால் அரைமணி நேரம் எதுவும் உள்ளே போகாது, எச்சில்கூட. நாலாம் மாதத்தில் ஒருநாள் ராத்திரி அப்படித்தான் வாந்தியெடுத்து, கண்ணில் தண்ணீரோடு போனை எடுத்து "மெல்லும் கால்சியம்" என்று தேடினேன். அந்தக் கடை வந்தது. என் நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

அந்தப் பெண்ணின் குரலை இன்னும் மறக்க முடியவில்லை. விலையைச் சொல்லவில்லை, பொருளைச் சொல்லவில்லை. முதல் கேள்வியே, "அக்கா, வாந்தி நின்னுடுச்சா? ஏதாவது உள்ள இறங்குச்சா?" என்பதுதான். ஆபரேஷன் ஆன பிறகு "எவ்வளவு குறைஞ்ச?" என்று கேட்காத ஆளே இல்லை. வாந்தி நின்றதா என்று யாரும் கேட்டதில்லை. முடி கொட்டுகிறதா என்று கேட்டாள், தூக்கம் வருகிறதா என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் பேசினோம். நான் அழுதேன் என்றுகூடச் சொல்லிவிடுகிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். "டாக்டர் எவ்வளவு சொன்னாங்க? 1500-ஆ? நம்ம மாத்திரை ஒண்ணுலயே 1000 இருக்குக்கா. அதுவும் சுத்தமான சிட்ரேட். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மென்னுடுங்க, 2000 ஆயிடுச்சு. வைட்டமின் டி-யும் இதுலயே சேர்ந்திருக்கு, தனியா எதுக்குக் காசு?" டப்பா படத்தை அனுப்பினாள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000, அதன் கீழே கால்சியம் சிட்ரேட் என்று இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையையும் கூடவே போட்டுக்கொள்ளச் சொன்னாள், மறக்காமல் இருக்குமாம். மாதாமாதம் வாங்கினால் இந்த விலை, ஒரு வருஷத்துக்கு மொத்தமாக எடுத்தால் அந்த விலை, கூடவே வருஷம் முழுக்க எங்கள் உணவு ஆலோசகர் இலவசம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எங்களுக்கே அனுப்பலாம் என்றாள். அன்று ராத்திரிக்குள் கட்டினால்தான் அந்தத் தள்ளுபடி. கட்டினேன். இரண்டு மாதச் சம்பளம், ஒரே தட்டலில் போனது.

பன்னிரண்டு டப்பா வந்து இறங்கியது. ஆரஞ்சு வாசனை, மிட்டாய் மாதிரி கரையும். எனக்கோ சொர்க்கம். டாக்டர் கொடுத்த பெரிய மாத்திரையையும் டி3-யையும் அலமாரியில் தூக்கிப் போட்டேன். ஆறாம் மாதப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, வருஷப் பரிசோதனைக்கும் போகவில்லை. ஆலோசகர்தான் இருக்கிறாரே! அவர் என்னிடம் கேட்ட ஒரே ரிப்போர்ட் எடை மட்டும்தான். இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு வருஷம் தாண்டியதும் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு வலி. தொட்டு இதுதான் இடம் என்று காட்ட முடியாத வலி. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் ஏறினேன். இளைத்ததில் தசை குறைந்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள், எங்கும் விழவில்லை, இடிக்கவில்லை, சும்மா நடந்துகொண்டிருந்தபோதே வலது பாதம் சுருக்கென்றது. ரெண்டு வாரம் நொண்டிவிட்டுப் போய்ப் படம் எடுத்தால் பாத எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல்.

எலும்பு டாக்டர் ஆபரேஷன் விவரத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வைட்டமின் டி, பி.டி.ஹெச். கடைசியா எப்போ பார்த்தீங்க?" பார்க்கவே இல்லை. பார்த்தால், டி வெறும் 11. குறைந்தது 30 இருக்க வேண்டும். பாராதைராய்டு ஹார்மோன், அதாவது அந்த பி.டி.ஹெச்., இருக்க வேண்டிய உச்ச அளவைப் போல இரண்டு மடங்கு. ரத்தத்தில் கால்சியம் மட்டும் சரியாக இருந்தது. அதைப் பார்த்து நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன், அவர் தலையை ஆட்டினார். இதயமும் நரம்பும் ஓட ரத்தத்தில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும், உடம்பு அதை லேசில் இறங்க விடாது. சாப்பாட்டிலிருந்து வரவில்லை என்றால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பிகள் அந்த ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். பர்ஸில் பணம் இருக்கிறது, ஆனால் நகையை விற்று வந்த பணம்.

டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பு அடர்த்தி, ஆபரேஷனுக்கு முன்பு எடுத்ததைவிடக் குறைந்திருக்கிறது. எடை இறங்கும்போது எல்லோருக்குமே கொஞ்சம் குறையத்தான் செய்யும், எலும்பு சுமக்கும் பாரம் குறைகிறதல்லவா, முழுப் பழியையும் மாத்திரை மேல் போடாதீர்கள் என்றும் டாக்டர் சொன்னார். சரி. ஆனால் டி 11-க்கு இறங்கியது எடை குறைந்ததால் இல்லையே!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டப்பாவைத் திருப்பினேன். பத்து மாதமாக என் மேஜையில் இருந்த டப்பா. பின்பக்கம் மடிப்போரத்தில், வெளிர்சாம்பல் எழுத்து, வெள்ளைப் பின்னணி. கண்ணுக்குத் தெரியாமல் போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படித்தேன். "ஒரு வேளை அளவு: 2 மாத்திரை. ஒரு வேளையில் கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி. அதில் கால்சியம் 210 மி.கி." மூன்று முறை படித்தேன். அந்த ஆயிரம் கால்சியம் இல்லை, சிட்ரேட்டோடு சேர்ந்த மொத்தப் பொருளின் எடை. சிட்ரேட்டில் கால்சியம் என்பது சுமார் 21 சதவீதம்தான். அந்த ஆயிரமும் ஒரு மாத்திரையில் இல்லை, இரண்டில். ஆக, ஒரு மாத்திரையில் 105. அந்தப் பெண் 2000 என்று கணக்குச் சொன்ன இடத்தில் நான் நாள் முழுக்கத் தின்றது 210. டாக்டர் சொன்னதில் ஏழில் ஒரு பங்கு! டி எவ்வளவு தெரியுமா? இரண்டு மாத்திரைக்கும் சேர்த்து 400 யூனிட். 3000 எங்கே, 400 எங்கே. இதற்கு இரண்டு மாதச் சம்பளம்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அந்தப் பெண்ணின் நம்பருக்குப் போட்டேன், உபயோகத்தில் இல்லை. அரட்டைப் பெட்டியில் எழுதினால் "உங்கள் மனநிலையைப் புரிந்துகொள்கிறோம்" என்று ஒரு இயந்திரம் நாலு முறை சொன்னது. மூன்றாம் நாள் ஒரு மேற்பார்வையாளர் பேசினார். ராத்திரியில் அக்காவாக இருந்தவள் இப்போது மேடம் ஆகிவிட்டேன். "லேபிள்ல எல்லாம் தெளிவா போட்டிருக்கோம் மேடம்." போனில் உங்கள் ஆள் சொன்னது? "அப்படிச் சொல்ல எங்க ஆட்களுக்கு அனுமதி இல்ல மேடம்." சொன்னாளா இல்லையா என்பதற்குப் பதில் இல்லை. உரையாடல் பதிவைக் கேட்டேன், 90 நாளைக்கு மேல் வைப்பதில்லையாம்.

ரிப்போர்ட்டை அனுப்பினேன். அதில் சரியாக இருந்த ஒரே எண்ணை மட்டும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். "உங்கள் ரத்தக் கால்சியம் இயல்பாக உள்ளது. எங்கள் தயாரிப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சாட்சி." படித்தபோது போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. என் எலும்பைக் கரைத்து வந்த கால்சியத்துக்கு இவர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள்!

அதற்கடுத்து அந்த ஆலோசகர் வந்தார். பத்து மாதத்தில் முதல்முறையாக அவராகவே கூப்பிட்டார். "அதிகக் கால்சியம் எடுத்தா கிட்னியில கல் வரும் மேடம், அதனாலதான் அளவைப் பாதுகாப்பா வெச்சிருக்கோம்." இதையும் என் டாக்டரிடம் கேட்டேன். பைபாஸுக்குப் பிறகு வரும் கல் பெரும்பாலும் ஆக்ஸலேட் கல், கீரை மாதிரிச் சாப்பாட்டில் இருக்கும் ஒரு பொருளால் வருவது. உறிஞ்சப்படாத கொழுப்பு குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆக்ஸலேட் தனியே உள்ளே ஏறிவிடுகிறது. குடலில் கால்சியம் போதிய அளவு இருந்தால் அது ஆக்ஸலேட்டைக் கட்டி வெளியே தள்ளும். அதாவது குறைவாகக் கொடுத்தது அந்தப் பக்கமும் நல்லதில்லை. அந்த ஆலோசகர் என்ன படித்தார் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.

கடைசியாக ஒரு சலுகை கொடுத்தார்கள். அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்! உடைக்காத இரண்டு டப்பாவையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். ஏழு நாளில் எலும்பு எனக்குச் சொல்லுமா? கடையின் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனம் மறுநாள் காலையில் இல்லை. இரண்டு மாதச் சம்பளம், பத்து காலி டப்பா, இரண்டு உடைக்காத டப்பா, பாதத்தில் கட்டு. இதுதான் கணக்கு.

இப்போது டி-யை அதிக அளவில் கொடுத்து ஏற்றுகிறார்கள், மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதனை. எலும்புக்கு மருந்து தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியாக ஊசியில்தான் போடுவார்களாம். அந்த வகை மாத்திரை இந்தச் சின்ன இரைப்பையில் புண்ணாக்கும் என்கிறார்கள். அதுவும் டி ஏறிய பிறகுதான், இல்லையென்றால் ரத்தக் கால்சியம் சரிந்துவிடும்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். கை ஓய்ந்துவிட்டது, அவசரமாக எழுதுகிறேன். முன்பக்க எண்ணை நம்பாதீர்கள். பின்பக்கம் திருப்பி, "ஒரு வேளை அளவு" எத்தனை மாத்திரை, அதில் தனிக் கால்சியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் டப்பாவை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இரும்புச்சத்தோடு சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை என்றால் நாலு மணி நேரம். ரத்தக் கால்சியம் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வராதீர்கள், டி-யும் பி.டி.ஹெச்.-சும் கேளுங்கள். வருஷத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டவே கட்டாதீர்கள். போனில் பேசினால் பதிவு செய்யுங்கள். வேறு ஏதோ முக்கியமாக இருந்தது, மறந்துவிட்டது. மத்தியான மாத்திரைக்கு அலாரம் அடிக்கிறது, போய் நறுக்க வேண்டும்.