காரைத் தாழ்த்த: லோயரிங் ஸ்பிரிங்கா, காயில்ஓவரா?

கார் 25, 30 மி.மீ. இறங்கினால் போதுமென்றால் லோயரிங் ஸ்பிரிங்கே (வழக்கமானதைவிடக் குட்டையான, கடினமான ஸ்பிரிங்) சரி, செலவும் குறைவு. ஆனால் தேய்ந்த ஷாக் அப்சார்பரோடு மாட்டாதீர்கள். கடினமான ஸ்பிரிங்கின் துள்ளலைத் தேய்ந்த ஷாக்கால் அடக்க முடியாது. பள்ளத்தில் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் எல்லை மீறி அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) இடிக்கும், ஷாக்கின் சீல் கசியும்.

காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும் மரையிட்ட ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தொகுதி. நல்ல காயில்ஓவரில் உயரத்தையும் டேம்பிங்கையும் (துள்ளலை அடக்கும் அளவு) தனித்தனியே திருத்தலாம். டிராக்கில் ஓட்டுபவருக்கு அதுதான் என் தேர்வு. அன்றாட ஓட்டத்துக்கோ பராமரிப்பு அதிகம்: மரையில் சேறு ஏறினால் உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பூட்டு வளையம் இறுகி, பிறகு அசையாது.

எதைப் போட்டாலும், கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கை) புஷ்ஷின், அதாவது அதன் ரப்பர் மூட்டின், போல்ட்டுகளைக் காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே முழுதாக முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகிக் கிழியும். அடுத்து வீல் அலைன்மென்ட், கட்டாயம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.