கண்ணீரோடு வரும் ஒருபக்கத் தலைவலி: நான்கில் எது, எதற்கு எந்த மருந்து?

ஒரு கண் மட்டும் சிவந்து நீர் கொட்டும். அதே பக்கத்து மூக்கு அடைக்கும், இமை லேசாகத் தொங்கும். கண்ணையும் நெற்றிப்பொட்டையும் சுற்றி உயிர் போகிற வலி. கோளாறு கண்ணில் இல்லை. முகத்தின் உணர்வைக் கடத்தும் முக்கிளை நரம்பு கிளர்ந்தால், மூளைத்தண்டு வழியாகக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் நரம்பும் கூடவே கிளர்ந்துவிடுகிறது. இது தெரியாமல் சைனஸ், பல், கண் பவர் என்று ஆண்டுக்கணக்கில் அலைபவர்கள் இருக்கிறார்கள். இந்த ரகத் தலைவலிகள் நான்கு. மருத்துவரிடம் போகுமுன் வலி எத்தனை நேரம் நீடிக்கிறது, நாளுக்கு எத்தனை முறை வருகிறது என்று குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்தது.

அதிகம் குழப்புவது கிளஸ்டர் தலைவலியும் பராக்ஸிஸ்மல் ஹெமிக்ரேனியாவும். கிளஸ்டர் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். நாளுக்கு எட்டு முறை வரை வரலாம். பலருக்கு இரவில் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். சில வாரங்கள் வாட்டிவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போகும். மைக்ரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுப்பார். கிளஸ்டர்காரரால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது. பராக்ஸிஸ்மல் 2 முதல் 30 நிமிடம்தான், ஆனால் பெரும்பாலும் நாளுக்கு ஐந்து முறைக்கு மேல்.

20 நிமிட வலி என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மருந்துதான் பிரித்துக் காட்டும். பராக்ஸிஸ்மல், வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மருந்தான இன்டோமெத்தசினுக்கு முழுதாக அடங்கும். கிளஸ்டர் பொதுவாக அடங்காது. பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மில்லிகிராமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும், தேவையானால் 225 வரை. குறைந்த அளவில் பார்த்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று கைவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. மற்றவர்களுக்கும் வயிற்றைக் காக்கும் மாத்திரை சேர்த்தே தருவார்கள்.

கிளஸ்டருக்கு, வலி வந்ததும் பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் சுத்த ஆக்சிஜன், 15 நிமிடம். மருந்துகளோடு ஒப்பிட்டால் பக்கவிளைவு இல்லை என்றே சொல்லலாம். என் முதல் வாக்கு இதற்குத்தான். சுமாட்ரிப்டான் ஊசி 6 மில்லிகிராம் வேகமாகக் கேட்கும், ஆனால் இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. இதையே மாத்திரையாக விழுங்கினால், வேலை செய்வதற்குள் வலி பெரும்பாலும் முடிந்திருக்கும். வராமல் தடுக்க, ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் வெரபமில். அளவைக் கூட்டும்போதெல்லாம் இசிஜி பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சன்க்ட் (SUNCT). ஒரு நொடி முதல் 10 நிமிடம் வரையிலான குத்தல், நாளில் நூறு முறைகூட. பல் தேய்த்தால், முகம் தொட்டால் கிளம்பும் என்பதால் முக்கிளை நரம்புவலி என்று நினைத்துவிடுவார்கள். அந்த நரம்புவலியில் கண்ணீர் இவ்வளவு கொட்டாது. சன்க்டுக்கு இன்டோமெத்தசினும் ஆக்சிஜனும் பயன்படுவதில்லை. வலிப்புக்குத் தரும் லாமோட்ரிஜின்தான் முதல் தேர்வு. தோலில் கடுமையான தடிப்பு வரலாம் என்பதால் அளவை வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவார்கள்.

நான்காவது, ஹெமிக்ரேனியா கன்டினுவா. மூன்று மாதத்துக்கு மேல் ஒரே பக்கம் ஓயாமல் வலிக்கும், இடையிடையே கூடும். கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். நாள்பட்ட மைக்ரேன் என்று தள்ளிவிடாமல் இதற்கும் இன்டோமெத்தசின் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

எந்த வகையானாலும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் சேர்த்து ஒருமுறை எம்ஆர்ஐ அவசியம். அங்குள்ள கட்டி இதே வேஷத்தில் வரலாம். கழுத்து வலியோடு திடீரென இமை தொங்கினால் கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம். பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் திடீர்க் கண் அழுத்த நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.