கிரெட்னாவா, வால்தம் ஆபியா?

பிரிட்டனில் போர்க்கால வெடிமருந்து ஆலைக்குள் ஓடிய ரயிலின் மிச்சங்களைப் பார்க்க வேண்டும், ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எங்கே போவது?

அளவு: ஸ்காட்லாந்து எல்லையில் 1915-இல் கட்டத் தொடங்கிய கிரெட்னாதான் பெரியது, ஏறத்தாழ 14 கி.மீ. நீளம், உள்ளே மட்டும் 200 கி.மீ. தண்டவாளம், வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வால்தம் ஆபி சிறியது, ஆனால் மிகப் பழையது. 1787-இலேயே அரசு வாங்கிவிட்டது.

மிச்சம்: கிரெட்னாவில் போருக்குப் பின் பலதையும் பிரித்து விற்றுவிட்டார்கள். நினைத்தாலே மனசு வலிக்கிறது. பக்கத்து ஊரான ஈஸ்ட்ரிக்ஸின் அருங்காட்சியகத்தில் நெருப்பில்லா எஞ்சின் ஒன்று நிற்கிறது. வெளிக் கொதிகலனிலிருந்து நீராவி நிரப்பி ஓட்டுவது, பொறி பறக்காது. வால்தம் ஆபியில் கட்டடங்கள், கால்வாய்கள், குறுகிய ரயில்பாதையின் தடங்கள் எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றன.

போக்குவரத்து: வால்தம் ஆபி லண்டன் பக்கம்தான், திறந்திருக்கும் நாட்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரெட்னாவுக்கு வட இங்கிலாந்தின் கார்லைல் நகரம் வரை போக வேண்டும்.

தொழிலாளர் கதைக்கு கிரெட்னா. தடத்தைக் கண்ணால் பார்க்க வால்தம் ஆபி. எனக்கு ஒன்றுதான் என்றால், வால்தம் ஆபி.