க்ளாரி ஒருத்தியைத் தவிர: மார்ட்டல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பத்தி பல வருஷம் கழிச்சு

அக்கா பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கறா. போன வாரம் வாட்ஸப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "சித்தி, மார்ட்டல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆறு புக் செட்டு பாதி விலைக்குப் போட்டிருக்கான், வாங்கலாமா, நீங்க படிச்சிருக்கீங்கதானே"ன்னு கேட்டா. வாங்கு இல்லன்னா வேணாம்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். ஆனா அந்தக் கதை நாயகி க்ளாரின்னு பேரைக் கேட்டாலே எனக்கு வாய் நிக்காது, வாய்ஸ் நோட்டா போட்டுப் போட்டு தொண்டை வத்திப்போச்சு, அதான் மொத்தமா டைப் பண்ணிடலாம்னு உக்காந்துட்டேன். ஸ்பாய்லர் எக்கச்சக்கமா இருக்கு. 2007ல முதல் புக்கு, 2014ல கடைசி, இதுக்கு மேல ரகசியம் காக்க என்னால ஆகாது.

கதை எல்லாருக்கும் தெரியும். நியூயார்க்ல ஒரு பொண்ணு, அம்மா காணாமப் போயிடறாங்க, தனக்குள்ள பேய்வேட்டைக்காரங்க ரத்தம் ஓடுதுன்னு தெரிய வருது, அப்புறம் வாம்பயர், ஓநாய் மனுஷன், மந்திரவாதி, தேவதைங்கன்னு ஊரே வேற ஊராயிடுது. கஸாண்ட்ரா க்ளேர் எழுதினது.

எனக்கு இந்த சீரிஸ் ஏன் விடாமப் புடிச்சிருக்குன்னா அந்த ஊருக்காகத்தான். அவங்க வேற உலகம் ஒண்ணை வெளில போய்க் கட்டல, இருக்கற நியூயார்க்குக்கு அடியிலயே இன்னொண்ணை ஒளிச்சு வெச்சிருக்காங்க. வேட்டைக்காரங்க தங்கற இன்ஸ்டிட்யூட்டு நம்ம கண்ணுக்கு இடிஞ்சு போன சர்ச்சு. மூடிக்கிடக்கற பழைய ஹோட்டல்ல வாம்பயர் கூட்டம். செண்ட்ரல் பார்க் குளத்துல நிலா விழற எடத்துல தேவதைங்க அரண்மனைக்கு வழி. ரூஸ்வெல்ட் தீவுல நெஜமாவே பாழடைஞ்சு நிக்கற பெரியம்மை ஆஸ்பத்திரி இருக்கில்ல, அதையும் விடாம வில்லனோட எடமாக்கிட்டாங்க. எனக்கு வேலை ஏற்காட்ல, வீடு சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம், தெனம் பஸ்ஸு. ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இருக்கே, 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச ஸ்டுடியோ, இப்ப ஸ்டுடியோ போயி அந்த முகப்பு மட்டும் நிக்குது. இந்த புக்கு படிச்சதுக்கப்புறம் அதை வெறும் முகப்பா என்னால பாக்கவே முடியல, உள்ள எல்லாம் அப்படியேதான் இருக்கு, நம்ம கண்ணுக்குத்தான் தெரியலன்னு ஒரு நெனப்பு. ஒரு புக்கால அவங்க ஊரை வெச்சு நம்ம ஊரையும் மாத்த முடியுதுன்னா அது சாதாரண விஷயம் இல்ல. (பஸ்ல படிக்கறது அடிவாரம் வரைக்கும்தான். அதுக்கு மேல இருபது கொண்டை ஊசி வளைவு, படிச்சா வாந்திதான்.)

சரி, க்ளாரிக்கு வருவோம்.

அவ தப்பு பண்றது எனக்குப் பிரச்சனையே இல்ல. பதினஞ்சு வயசு, சீக்கிரமே பதினாறு ஆகப்போகுது, அந்த வயசுல யாரு ஒழுங்கா இருந்தோம். அவ பண்ற எல்லாத்துக்கும் பில்லு வேற யாரோ கட்டறாங்க, அது அந்த புக்குக்கே தெரிய மாட்டேங்குது, அதான் எரிச்சல். சைமனை எடுத்துக்கங்க. சின்ன வயசுலேர்ந்து கூடவே இருக்கற பையன், அவன் இவளை விரும்பறது தெருவுக்கே தெரியுது, இவளுக்கு மட்டும் தெரியாதாம். முதல் புக்குல இவ கூட ஒரு பார்ட்டிக்குப் போய் எதையோ குடிச்சு எலியா மாறிடறான், அந்த எலியை வாம்பயருங்க தூக்கிட்டுப் போயிடறாங்க. ரெண்டாவது புக்குல இன்னும் மோசம், அவனை பாய்ஃப்ரெண்டுன்னு வெச்சுக்கிட்டே மனசு பூரா ஜேஸ்ங்கற வேட்டைக்காரப் பையன் மேல, அதுவும் ஜேஸ் தன் அண்ணன்னு நம்பிக்கிட்டிருக்கற நேரத்துல. தேவதைங்க அரண்மனைல ராணி "உன் மனசு எந்த முத்தத்தை விரும்புதோ அதைக் கொடுத்தாத்தான் வெளில விடுவேன்"ங்கறா, சைமன் கண்ணு முன்னாடியே ஜேஸோட முத்தம். அவன் நொந்து போய் கெளம்பறான், நேரா அந்த ஹோட்டல், திரும்பி வரது பொணமா, அப்புறம் குழியிலேர்ந்து வாம்பயரா எந்திரிக்கறான். எலியா இருந்தப்பவே வாம்பயர் ரத்தம் உள்ள போயிருச்சு, அதுதான் இழுத்துச்சுன்னு ஒரு காரணம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ராத்திரி அவனை அங்க தள்ளினது ரத்தம் மட்டுமா?

மூணாவது புக்குல அம்மாவைக் காப்பாத்த வேட்டைக்காரங்க தலைநகரம் ஆலிகாண்டேக்கு வராதன்னு எல்லாரும் சொல்றாங்க, சட்டமும் விடாது. இவ தானே ஒரு வாசலைத் தொறந்து குதிக்கறா, தடுக்க வந்த அம்மாவோட ஃப்ரெண்டு லூக்கும் சேர்ந்து இழுபட்டு ஏரில விழறான். அந்தத் தண்ணிய முழுங்கினா புத்தி பேதலிக்கும், இவ முழுங்கிடறா, அப்புறம் லூக்கு தன் அக்கா வீட்டுக் கதவைப் போய்த் தட்டணும், பல வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத அக்கா. இத்தனையும் ஆனப்புறம் கூட இருக்கற ஆளுங்க "நீ எவ்ளோ தைரியசாலி"ங்கறாங்க. எனக்கு புக்கை ஜன்னல் வழியா வீசலாம்னு இருந்துச்சு, பஸ்ஸு கோரிமேடு தாண்டிட்டிருந்ததால விட்டேன்.

இதைப் பத்தி என் ஃப்ரெண்டுகிட்ட பெரிய சண்டையே போட்டிருக்கேன். டவுன்ல தட்டுவடை செட்டு சாப்பிட்டுக்கிட்டே அவ கேட்டா, "ஏண்டி, ஜேஸ் மட்டும் என்ன யோக்கியமா, திமிரு புடிச்சவன், அவன் பண்ணினா ரசிக்கற, பொண்ணு பண்ணினா மட்டும் உனக்குக் காந்துதா?" நல்ல கேள்விதான், கொஞ்ச நேரம் பீட்ரூட்டையும் சட்னியையும் மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன். ஆனா பதில் இருக்கு. ஜேஸ் திமிரா பேசினா கூட வளர்ந்த அலெக் மொறைக்கறான், அலெக்கோட தங்கச்சி இசபெல் கிண்டல் பண்றா, பெரியவங்க தண்டிக்கறாங்க, கதையே அவனை ஆணவம் புடிச்சவன்னு சொல்லிடுது. அலெக் ஜேஸை விரும்பறதை மனசுல பொத்தி வெச்சிருந்தான், க்ளாரி அதை அவன் மூஞ்சிக்கு நேரா போட்டு உடைச்சாளே, அதுக்குக் கதை அவளை ஒரு வார்த்தை கேட்டுச்சா? அவ "நீ அலெக் கட்சி"ன்னு சொல்லிட்டு இன்னொரு செட்டு சொல்லிட்டா.

நியாயமா சொல்லணும்னா க்ளாரிகிட்டயும் ரெண்டு எடத்துல கையெடுத்துக் கும்பிட்டிருக்கேன். கதையில எல்லாரும் தேடற மாயக் கோப்பையை அவங்கம்மா ஒரு சீட்டுக்கட்டுல வரைஞ்ச ஓவியத்துக்குள்ளயே ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு இவ கண்டுபுடிக்கற எடம், படம் வரையற பொண்ணுக்குத்தான் அது தோணும். இன்னொண்ணு மூணாவது புக்கு முடிவுல. வேட்டைக்காரங்க கீழ்த்தரமா நடத்தற வாம்பயர், ஓநாய், மந்திரவாதி எல்லாரோடயும் தோளுக்குத் தோள் நின்னாத்தான் ஜெயிக்கலாம்னு ரெண்டு பக்கத்தையும் கட்டற ஒரு மந்திரக் குறியை இவளே புதுசா வரைவா. எத்தனை தடவை படிச்சாலும் அங்க எனக்குப் புல்லரிக்கும். அப்புறம் அவ நெனவையே ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மேக்னஸ் பேன்ங்கற மந்திரவாதியை வெச்சு அழிச்சது அவங்கம்மாதான், அந்தம்மா மேல வர கோபமும் சேர்ந்து இவ தலையில விழுதோ என்னவோ.

வெளிய பாத்தா, 2013ல படம் வந்துச்சு, அதை விடுங்க. 2016லேர்ந்து 2019 வரைக்கும் ஓடின டிவி சீரிஸ்ல க்ளாரிக்கு வயசை 18ஆ ஏத்திட்டாங்க, கொஞ்சம் பொறுப்பா இருக்கா. நான் பாதியிலயே நிறுத்திட்டேன்.

இதே ஆளு எழுதின 1878 லண்டன் கதை மூணு புக்கு இருக்கு, இன்ஃபர்னல் டிவைசஸ். நாயகி டெஸ்ஸா. படிப்பாளி, நிதானம், அடுத்தவங்க வலி தெரிஞ்சவ, ஒரு குறை சொல்ல முடியாது. எழுத்தும் இதை விட சுத்தம். ஒரு தடவை படிச்சேன், அழுதேன், எடுத்து வெச்சுட்டேன். திரும்பத் தொட்டதே இல்ல. சண்டை போட அதுல ஆள் இல்ல போல.

அக்கா பொண்ணுகிட்ட கடைசியா சொன்னது: முதல் மூணு மட்டும் படி, கதை அங்க நல்லாவே முடிஞ்சிடுது, அதையும் காசு கொடுத்து வாங்காத, ஏற்காட்டுப் பனியில பக்கமெல்லாம் அலையலையா ஊறிப்போன என் செட்டு இருக்கு, வந்து எடுத்துட்டுப் போ. நாலாவது இழுவை. அஞ்சாவதுல இவ பெரியவங்க யாருகிட்டயும் சொல்லாம வில்லன் பக்கம் போயிடுவா, வெளிய இருந்து மந்திர மோதிரத்துல பேசி இவளுக்குக் காவல் இருக்கறது யாருன்னு நெனக்கறீங்க, சைமனேதான். ஆறாவதுல எல்லாரும் ஊர் திரும்பணும்னு தன் நெனவையே வெலையா கொடுக்கறதும் அவன்தான். அது க்ளாரி தப்பு இல்ல, தெரியும். தெரிஞ்சும் அவ மேலதான் கோபம் வருது.

மொத்தத்துல பரிந்துரைக்க மாட்டேன். மூணு புக்கைக் கொடுத்துட்டதால இப்ப அஞ்சாவதுல இருக்கேன், காதலிக்கற மேக்னஸும் அலெக்கும் பிரியற சீன் வரப்போகுது, அதுக்கு நடுவுல க்ளாரி வர பக்கமெல்லாம் ரெண்டு ரெண்டா தள்ளிட்டுப் போறேன்.