வாயில் கொழுக்கட்டை: லாக்4ஓஎம் பயன்படுத்திய அனுபவம்

புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசன்ஸ் வாங்கிய நண்பர், "லாக்4ஓஎம் போடலாமா?" என்று கேட்டார். வானொலியில் யாரோடு தொடர்புகொண்டோம் (கான்டாக்ட்) என்று பதிந்துவைக்கும் மென்பொருள் அது. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி.

இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும், இதெல்லாம் அவருக்கே தெரியும். எதிர்முனையில் இருப்பவரின் கால்சைனை (நிலைய அடையாளக் குறி) தட்டிய உடனே, அவருடைய நாடு எந்த பேண்டில் (அலைவரிசைப் பகுதி) கிடைத்தது, எதில் இன்னும் உறுதியாகவில்லை என்று கட்டம் கட்டமாகக் காட்டும் பாருங்கள், அதற்காகவே வைத்திருக்கலாம். எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். ஏதாவது தப்பாக இருந்தால் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல உட்கார்ந்திருக்கும்.

உதாரணம், எல்ஓடிடபிள்யூ, அதாவது இரு தரப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டுத் தொடர்பை உறுதிசெய்யும் இணையச் சேவை. கான்டாக்ட் எல்லாம் லாகில் ஒழுங்காக ஏறும். ஆனால் க்யூஎஸ்எல் (தொடர்பு உறுதிப்பாடு) மேனேஜரில் அப்லோட் பட்டியலைத் திறந்தால் காலி. பிழைச் செய்தி எதுவும் வராது. 'சென்ட்' நிலை 'ரிக்வெஸ்டட்' என்று உள்ள பதிவுகளை மட்டுமே அந்தப் பட்டியல் எடுத்துக்கொள்ளும். 'நோ' என்று இருந்தால் கண்டுகொள்ளாது. புரோகிராம் கான்ஃபிகரேஷனில் கன்ஃபர்மேஷன்ஸ் பக்கத்துக்குப் போய், எல்ஓடிடபிள்யூவுக்கு சென்ட் 'ரிக்வெஸ்டட்', ரிசீவ்ட் 'நோ' என்று வைத்து சேமியுங்கள். இது இனி வரும் பதிவுகளுக்குத்தான். பழையவற்றை, பேக்அப் எடுத்த பிறகு, க்யூஎஸ்எல் மேனேஜரில் வடிகட்டி மொத்தமாக மாற்ற வேண்டும். எல்லோரும் எல்லாப் பதிவையும் அனுப்ப விரும்புவதில்லை என்பது நியாயம்தான். அதற்காக "அனுப்ப ஒன்றுமில்லை, காரணம் இது" என்று ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடும்?

எல்ஓடிடபிள்யூவுக்குப் போகும் பதிவுகளில் டிஜிட்டல் கையெழுத்திட்டு ஏற்றும் மென்பொருள் டிக்யூஎஸ்எல். அதில் ஸ்டேஷன் லொகேஷன் போடும்போது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மண்டல எண்கள் சிக்யூ ஜோன் 22, ஐடியு ஜோன் 41. கிரிட் (இருப்பிடக் கட்டக் குறி) மட்டும் ஊருக்கு ஊர் மாறும்: சென்னை என்கே03, கோவை எம்கே81, மதுரை எம்ஜே99. லொகேஷனுக்கு அங்கே வைத்த பெயரையே லாக்4ஓஎம்மிலும் எழுத்து பிசகாமல் தர வேண்டும். எல்ஓடிடபிள்யூ சான்றிதழில் உள்ள தொடக்கத் தேதிக்கு முந்தைய கான்டாக்ட்டை டிக்யூஎஸ்எல் ஏற்காது.

அடுத்தது எஃப்டி8 எனும் டிஜிட்டல் முறையின் பதிவுகள். அதற்கான மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ரிப்போர்ட்டிங் பக்கத்தில் யூடிபி (மென்பொருள்கள் செய்தி பரிமாறும் முறை) சர்வர் 127.0.0.1, போர்ட் 2237. லாக்4ஓஎம்மில் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் அதே போர்ட்டை இன்பவுண்டாக, 'ஜேடி மெசேஜ்' வகையில் சேர்த்தால் போதும். ஜேடிஅலர்ட், கிரிட்டிராக்கர் போன்ற துணை மென்பொருள் ஏதாவது அதே 2237-ஐப் பிடித்திருந்தால்தான் வம்பு. ஒன்றுக்குத்தான் செய்தி போகும், மற்றது பட்டினி. எளிய வழி: டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் இரண்டாவது யூடிபி சர்வரை 2333-இல் இயக்கி, லாக்4ஓஎம்மில் 'ஏடிஐஎஃப் மெசேஜ்' (ஏடிஐஎஃப் என்பது பதிவுகளைப் பரிமாறும் பொது வடிவம்) வகையில் அதே எண்ணைச் சேர்ப்பது. இரண்டு வழியையும் சேர்த்துத் திறந்து வைத்தால் ஒரே கான்டாக்ட் இரண்டு தடவை ஏற வாய்ப்புண்டு. விடுபட்ட நாட்களுக்கு, டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் லாக் கோப்புறையில் இருக்கும் ஏடிஐ (ஏடிஐஎஃப் வடிவ) கோப்பை இறக்குமதி செய்துகொள்ளலாம்.

கமென்ட் பெட்டியில் தமிழ் வேண்டாம். ஏடிஐ கோப்பில் ஒவ்வொரு புலத்துக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக வரும். வழக்கமான ஆங்கில எழுத்துகளை நம்பி அமைந்த வடிவம் அது. 'சென்னை' என்பது யூனிகோடில் 6 குறியீடுகள், யூடிஎஃப்-8 கோப்பிலோ 18 பைட். ஒரு மென்பொருள் 6 என்று எழுத, இன்னொன்று 6 பைட்டோடு நிறுத்திக்கொண்டால் சொல் பாதியில் அறுபடும். இது லாக்4ஓஎம்மின் குற்றமல்ல, ஏடிஐஎஃப்பின் வயது.

நேரம் பற்றி ஒன்று. பதிவுகள் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஏறும். விண்டோஸின் டைம் ஜோன் இந்திய நேரத்திலேயே இருக்கட்டும். ஜோனை யூடிசி என வைத்துவிட்டுக் கடிகாரத்தை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பினால் ஒவ்வொரு பதிவும் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். இரு தரப்புப் பதிவுகளுக்கிடையே எல்ஓடிடபிள்யூ 30 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும்.

நண்பருக்கான பதில்: எஃப்டி8 மட்டும்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் இது வேண்டாம். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் ஏடிஐ கோப்பையே டிக்யூஎஸ்எல்லில் கொடுத்துக் கையெழுத்திட்டு ஏற்றிவிடலாம், ஏற்கெனவே ஏற்றிய பதிவுகளை அதுவே ஒதுக்கிவிடும். நான் மட்டும் இதை விடுவதாக இல்லை.